போன்னா நம்பரை வச்சு செக் பண்ணலாம்.. லேப்டாப்புக்கு? வட்டக்கானலில் செகண்ட் ஹேண்ட் வாங்கும் முன் இதைப் படிச்சிட்டு போங்க!

வட்டக்கானல். கொடைக்கானலில் இருந்து சில கிலோமீட்டர் தள்ளி, டால்பின் நோஸ் பாறைக்கு நடந்து போகும் வழியில் இருக்கும் சின்ன ஊர். இஸ்ரேலியப் பயணிகள் வருஷா வருஷம் வந்து தங்குவதால் ‘லிட்டில் இஸ்ரேல்’ என்று ஒரு பெயரும் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு, மலையில் அறை எடுத்துத் தங்கி லேப்டாப்பில் வேலை பார்க்கும் நம்ம ஊர் ஐ.டி. ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள்.

இப்படி வந்து தங்கிப் போகிறவர்கள் கிளம்பும்போது சாமான்களை விற்றுவிட்டுப் போவது புதுசு இல்லை. டென்ட், ஸ்லீப்பிங் பேக், கிட்டார் வரிசையில் லேப்டாப்பும் வரும். "நாளைக்குக் காலைல கிளம்பறேன், இன்னைக்கே எடுத்துக்கிறீங்களா?" என்று ஒருவர் கேட்கிறார். கடை விலையில் பாதிகூட இல்லை. ஹோம்ஸ்டே நடத்துபவருக்கு ஆன்லைன் புக்கிங் பார்க்க ஒன்று வேண்டும். அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பொண்ணுக்கு ப்ராஜெக்ட் செய்ய ஒன்று வேண்டும். யாருக்குத்தான் ஆசை வராது?

வாங்கலாம், தப்பே இல்லை. ஆனால் பலரும் பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: "ஆன் ஆகுதா, ஸ்பீடா இருக்கா?" அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த லேப்டாப் இவருடையதுதானா?

போனுக்கு இருக்கும் வசதி லேப்டாப்புக்கு இல்லை

செகண்ட் ஹேண்ட் போன் வாங்கும்போது நமக்கு ஒரு பிடி இருக்கிறது. ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். அதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் போட்டுப் பார்த்தால், அந்த போன் முடக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும். 2023 மே மாதம் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்த வசதி இது. போன் திருடு போனவர் புகார் கொடுத்து எண்ணை முடக்கிவிட்டால், எந்த சிம் போட்டாலும் அந்த போன் இந்திய நெட்வொர்க்குகளில் வேலை செய்யாது.

லேப்டாப்புக்கு அப்படி எதுவும் கிடையாது. சிம் போடும் வசதி கொண்ட சில மாடல்களைத் தவிர, லேப்டாப்பில் ஐ.எம்.இ.ஐ. எண்ணே இருக்காது. இருப்பது கம்பெனி கொடுக்கும் சீரியல் நம்பர். அது திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று வாங்குகிறவர் போய்ப் பார்க்க, சஞ்சார் சாத்தி மாதிரி அரசுத் தளம் எதுவும் இல்லை. லெனோவா, டெல், ஹெச்.பி. தளங்களில் சீரியல் நம்பரைப் போட்டால் மாடலும், வாரண்டி எப்போது முடிகிறது என்பதும் வரும். திருட்டா இல்லையா என்பது வராது.

அதனால் லேப்டாப் விஷயத்தில் நமக்கு இருப்பது இரண்டே ஆதாரம். ஒன்று, ஒரிஜினல் பில். இன்னொன்று, விற்கிற ஆள். வட்டக்கானல் மாதிரி ஊரில் இந்த இரண்டாவது ஆதாரம் மறுநாள் காலையில் பஸ் ஏறிவிடும். சிக்கலே அங்கேதான்.

‘50 லேப்டாப் மீட்பு’ என்ற செய்திக்குப் பின்னால்

2024 அக்டோபரில் பெங்களூரு ஒயிட்ஃபீல்டு போலீஸ் ஒருவரைக் கைது செய்தார்கள். ஓசூர்காரர். அங்கே ஒரு நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினாக இருந்தவர். தக்காளி சாகுபடியில் நஷ்டம், கடன் ஏறிவிட்டது, அதை அடைக்க வேலை பார்த்த இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக லேப்டாப்களை எடுத்து ஓசூரில் விற்றார் என்பது போலீஸ் சொன்ன தகவல். 50 லேப்டாப்கள் வரை மீட்கப்பட்டன.

அதே ஆண்டு மார்ச்சில் பெங்களூருவில் இன்னொரு கைது. பி.ஜி. விடுதிகளில் அறை திறந்திருக்கும் நேரம் பார்த்து லேப்டாப்களை எடுத்து, நொய்டா பக்கம் கொண்டுபோய் விற்றதாக ஒரு பெண் பிடிபட்டார். 24 லேப்டாப்கள் மீட்பு. இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், 2020 டிசம்பரில் குஜராத்தின் ஜாம்நகரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு இளைஞர் சிக்கினார். மருத்துவக் கல்லூரி விடுதிகளாகப் பார்த்து, 2015-ல் இருந்து பல மாநிலங்களில் சுமார் 500 லேப்டாப்களைத் திருடியதாக அப்போது போலீஸ் தரப்பில் சொன்னார்கள்.

மூன்று சம்பவத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். முதல் இரண்டில், எடுத்த ஊரில் விற்கவில்லை. மாநில எல்லை தாண்டி விற்றார்கள். மூன்றாவதில், ஒரே ஆள் மாநிலம் மாநிலமாகப் போய் எடுத்திருக்கிறார். ஓசூர் சம்பவத்தில் விற்றவர் முகமூடி போட்ட திருடனும் இல்லை. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்த, விவரமாகப் பேசத் தெரிந்த ஆள். ‘பார்த்தா நல்ல பையனா தெரியறான்’ என்பது இங்கே எதற்கும் உத்தரவாதம் இல்லை.

இன்னொரு விஷயம். ‘மீட்பு’ என்று நாங்கள் தலைப்பில் போடும் வார்த்தை ரொம்ப நல்ல செய்தி மாதிரி இருக்கும். திருட்டு கொடுத்தவருக்கு நல்ல செய்திதான். ஆனால் விற்ற பிறகு மீட்கப்பட்ட ஒவ்வொரு லேப்டாப்புக்கும் பணம் கொடுத்த ஒருவர் இருந்திருப்பார். போலீஸ் வந்து எடுத்துப் போகும்போது அவர் கொடுத்த பணம் கூடவே திரும்பி வராது. அவரைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை.

‘எனக்குத் தெரியாது சார்’ என்றால் போதுமா?

பாதி போதும், பாதி போதாது.

பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டத்தின் 317-வது பிரிவு திருட்டுப் பொருளைப் பற்றிப் பேசுகிறது. பழைய இ.பி.கோ.வில் 411 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதன் இடத்தில் வந்தது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ நேர்மையற்ற முறையில் அதை வாங்கினாலும் வைத்திருந்தாலும் 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

கவனிக்க வேண்டியது ‘நம்புவதற்குக் காரணம் இருந்தோ’ என்ற இடம். 60 ஆயிரம் ரூபாய் பொருளை 9 ஆயிரத்துக்குத் தருகிறார், பில் இல்லை, சார்ஜர் இல்லை, பாஸ்வேர்டு கேட்டால் முழிக்கிறார். இவ்வளவும் கண் முன்னால் நடந்த பிறகு ‘எனக்கு சந்தேகமே வரலை’ என்று சொன்னால் எடுபடுவது கஷ்டம். அதே நேரம் நியாயமான விலை கொடுத்து, ரசீது வாங்கி, ஆளை விசாரித்து வாங்கியிருந்தால் குற்றச்சாட்டில் இருந்து தப்பிக்க நல்ல அடித்தளம் இருக்கிறது.

ஆனால் லேப்டாப் தப்பிக்காது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 27, ஒரு எளிய விஷயத்தைச் சொல்கிறது. விற்கிறவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ, அதைவிட அதிகமாக வாங்குகிறவருக்கு வராது. திருடினவனுக்கு உரிமை இல்லை, அவனிடம் வாங்கினவருக்கும் இல்லை, அவரிடம் இருந்து வாங்கின நமக்கும் இல்லை. நடுவில் எத்தனை கை மாறினாலும் இதுதான் பொது விதி. திருட்டுப் பொருள் என்ற சந்தேகத்தில் ஒரு பொருளைக் கைப்பற்ற போலீசுக்கு அதிகாரம் உண்டு. வழக்கு முடியும்வரை அது ஸ்டேஷனிலோ கோர்ட்டிலோ இருக்கலாம்.

சரி, பணத்தையாவது திரும்பக் கேட்கலாமா? கேட்கலாம், விற்றவர் கிடைத்தால். ஏமாற்றி விற்றது தெரிந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் மோசடிப் புகார் கொடுக்கலாம். சிவில் வழக்கும் போடலாம். நுகர்வோர் கோர்ட் மட்டும் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. அது வியாபாரிக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் உள்ள பிரச்சினைக்கானது. தன்னுடைய பழைய லேப்டாப்பை ஒரே ஒரு தடவை விற்கும் தனிநபர் வியாபாரி கிடையாது. பொருள் தரமாக இருக்கும் என்று சட்டமே தானாக எடுத்துக்கொள்ளும் உத்தரவாதமும் தனிநபர் விற்பனையில் கிட்டத்தட்ட இல்லை. பார்த்து வாங்குவது உங்கள் பொறுப்பு. செகண்ட் ஹேண்ட் கடையில் ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுப்பதில் இதற்கான விலையும் கொஞ்சம் சேர்ந்துதான் இருக்கிறது: பில் தருவார்கள், கடை நாளைக்கும் அங்கேயே இருக்கும்.

வாங்கின பிறகு பூட்டிக்கொள்ளும் லேப்டாப்

மலையில் தங்கி வேலை பார்க்கிறவர்கள் கையில் இருப்பதில் கணிசமானவை கம்பெனி லேப்டாப். வேலையை விட்டவர் அதைத் திருப்பிக் கொடுக்காமல் விற்றுவிட்டால், வாங்குகிறவருக்கு வினோதமான அனுபவம் காத்திருக்கும்.

முதல் ஒரு வாரம் நன்றாக ஓடும். ‘ஸ்லோவா இருக்கே’ என்று ஃபார்மட் செய்து இன்டர்நெட்டில் இணைத்ததும், வரவேற்புத் திரையிலேயே ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து, அலுவலக இ-மெயிலும் பாஸ்வேர்டும் கேட்கும். மைக்ரோசாஃப்டின் ‘ஆட்டோபைலட்’ பதிவில் அந்தக் கணினி நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது என்று அர்த்தம். எத்தனை தடவை விண்டோஸை அழித்துப் போட்டாலும் அந்தப் பதிவு போகாது, ஏனென்றால் அது லேப்டாப்பில் இல்லை, மைக்ரோசாஃப்ட் சர்வரில் இருக்கிறது. ‘சாஃப்ட்வேர் போட்டா சரியாயிடும்’ என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

மேக்புக்கில் இதற்கு ‘ஆக்டிவேஷன் லாக்’. 2018 முதல் வந்த டி2 சிப் மாடல்களிலும், எம்1 முதலான ஆப்பிள் சிப் மாடல்களிலும் உண்டு. பழைய ஓனரின் ஆப்பிள் கணக்கு வெளியேறாமல் இருந்தால், அழித்துப் போட்ட பிறகு அவருடைய பாஸ்வேர்டைக் கேட்கும். இல்லை என்றால் நீங்கள் வாங்கியது மேக்புக் இல்லை, பளபளப்பான அலுமினியத் தகடு. ஆப்பிளிடம் போய்த் திறந்து தரச் சொன்னால் அவர்கள் கேட்பதும் ஒரிஜினல் பில்லைத்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே நல்ல வழி, பணம் கொடுப்பதற்கு முன்னால் விற்பவரையே கண் முன்னால் ரீசெட் செய்யச் சொல்வது. ரீசெட் ஆனதும் வைஃபையில் இணைத்து, புதுக் கணக்கு தொடங்கும் திரை வரை வருகிறதா என்று பாருங்கள். கண்டிப்பாக இன்டர்நெட் இருக்க வேண்டும். நெட் இல்லாமல் செட் செய்தால் நிறுவனப் பூட்டு வெளியே தெரியாது. அறையில் சிக்னல் சரியில்லை என்றால் வைஃபை உள்ள கஃபேயில் உட்காருங்கள். ஒரு மணி நேரம் ஆகும், ஒரு டீக்கு இரண்டு டீ ஆகும், அவ்வளவுதான். ‘எனக்கு டைம் இல்லை, பஸ்ஸுக்குப் போகணும்’ என்று அவசரப்படுத்தினால், அந்த அவசரமே ஒரு பதில்.

கூடவே, ஆன் செய்யும்போது எஃப்2 அல்லது எஃப்10 மாதிரி பட்டனை அழுத்தி (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) பயாஸ் திரைக்குள் போங்கள். அங்கே பாஸ்வேர்டு கேட்டால் விற்பவர் அதை எடுத்துத் தர வேண்டும். உள்ளே இருக்கும் சீரியல் நம்பரும், அடிப்பக்க ஸ்டிக்கரில் இருப்பதும், பில்லில் இருப்பதும் மூன்றும் ஒன்றாக இருக்கணும். ஸ்டிக்கர் சுரண்டப்பட்டிருந்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

வெளிநாட்டுப் பயணி விற்றால்?

ஹீப்ரு எழுத்து கீபோர்டைப் பார்த்து பயப்பட வேண்டாம். அது வெறும் மேல் அச்சு. விண்டோஸில் மொழியை மாற்றினால் நம்ம ஆங்கிலம், தமிழ் எல்லாம் அடிக்கலாம். சார்ஜரில் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் இங்கே ஓடும், பிளக் மட்டும் மாற வேண்டியிருக்கலாம்.

கவலைப்பட வேண்டியது வேறு. 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பை சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம், ஆனால் அது பயணச் சாமான் என்ற அடிப்படையில் கிடைக்கும் சலுகை. ஒரே ஆள் மூன்று நான்கு லேப்டாப் வைத்து விற்கிறார் என்றால் விலகிப் போவது நல்லது. வாரண்டி அந்த நாட்டோடு நின்றுவிடலாம். சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டால் எந்த நாட்டுக்கானது என்று பெரும்பாலும் காட்டும். இந்த லேப்டாப் இன்னொரு பயணியின் பையில் இருந்து வந்ததா என்பதும் நமக்குத் தெரியாது. பேக்பேக்கர்கள் கூட்டமாகத் தங்கும் எந்த ஊரிலும் இருக்கும் பிரச்சினை அது.

ஒரிஜினல் பில் கையில் இல்லை என்று சொல்வார், அது இயல்புதான். யார்தான் லேப்டாப் பில்லை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைவார்கள்? ஆனால் ஆன்லைனில் வாங்கியது என்றால் இ-மெயிலில் இருக்கும். இ-மெயிலைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். உண்மையான ஓனருக்கு அது இரண்டு நிமிஷ வேலை.

அரசு முத்திரை உள்ள லேப்டாப் வேண்டவே வேண்டாம்

தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான பிளஸ் டூ மற்றும் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் கிடைத்தது. பிறகு கல்லூரி மாணவர்களுக்கு ‘உலகம் உங்கள் கையில்’ என்ற பெயரில் மறுபடி வழங்கத் தொடங்கினார்கள். இவை மாணவர்கள் படிப்பதற்காகக் கொடுத்தவை, சந்தையில் விற்பதற்கு அல்ல. மூடியில் அரசு முத்திரையோ, ஒட்டியதைச் சுரண்டிய தடமோ இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். அரசுப் பள்ளிகளில் பூட்டை உடைத்து லேப்டாப் திருடிய வழக்குகளும் இங்கே நிறைய உண்டு. 2011, 2012 காலத்து லேப்டாப் இன்றைக்கு எதற்கும் உதவாது என்பது தனிக் கதை.

மலை ஈரம், வீங்கிய பேட்டரி, பழைய விண்டோஸ்

ஓனர் விஷயம் தெளிவான பிறகுதான் இதெல்லாம்.

கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர். மூடுபனியும் மழையும் மாறி மாறி வரும், சுவரில் பூஞ்சை பிடிக்கும், கேமரா லென்ஸில் பிடிக்கும். மாதக்கணக்கில் அந்த ஈரத்தில் இருந்த லேப்டாப்பும் தப்பிக்காது. யு.எஸ்.பி., ஹெச்.டி.எம்.ஐ. துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை படர்ந்திருந்தாலோ, அடிப்பக்க ஸ்க்ரூவில் துரு இருந்தாலோ உள்ளே மதர்போர்டிலும் அரிப்பு தொடங்கியிருக்கலாம். இன்றைக்கு ஆன் ஆகும், இரண்டு மாதத்தில் செத்துப்போகும். அப்போது மதர்போர்டு மாற்ற ஆகும் செலவு லேப்டாப் வாங்கிய விலையைத் தொட்டுவிடும். கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு மதுரை வரை இறங்க வேண்டியிருந்தால் அந்த அலைச்சல் தனி. திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து கறை, கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் பார்ப்பது முக்கியம். இரவில் மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் எல்லா லேப்டாப்பும் அழகாகத்தான் இருக்கும்.

பேட்டரிக்கு வாய் வார்த்தை வேண்டாம். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் மூலம் ‘பேட்டரி ரிப்போர்ட்’ எடுக்கலாம், எப்படி என்று யூடியூபில் பார்த்தால் ஒரு நிமிஷ வேலை. அதில் ‘டிசைன் கெப்பாசிட்டி’ 50,000 என்றும், ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ 25,000 என்றும் இருந்தால் பேட்டரி பாதி போய்விட்டது. மழைக்காலத்தில் மலையில் கரண்ட் போனால் இது நன்றாகவே தெரியும். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தாலோ, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ பேட்டரி வீங்கியிருக்கலாம். அது தீப்பிடிக்கும் ஆபத்து, பேரம் பேசும் விஷயம் இல்லை.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெல் என்றால் பொதுவாக 8-வது தலைமுறை பிராசஸரும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஐ5-7200 என்றிருந்தால் 7-வது தலைமுறை. ஐ5-8250 என்றால் 8-வது. ‘ஐ5 லேப்டாப் சார், சூப்பரா போகும்’ என்று மொட்டையாகச் சொன்னால் அடுத்த நான்கு எண்ணையும் கேளுங்கள். இன்று மலிவாக வெளியே தள்ளப்படும் பல லேப்டாப்களுக்கு இதுதான் காரணம்.

நேரில் வராமல் ‘அட்வான்ஸ்’ கேட்டால்

மதுரையிலோ திண்டுக்கல்லிலோ உட்கார்ந்து ஆன்லைன் விளம்பரம் பார்ப்பவர்களுக்கு இது. ‘நான் இப்ப வட்டக்கானல்ல இருக்கேன், கீழ வர முடியாது, அட்வான்ஸ் போடுங்க, பார்சல் அனுப்பறேன்’ என்று ஒரு பதில் வரலாம். மலை, தூரம், சிக்னல் இல்லை.. நேரில் காட்டாமல் இருக்க எல்லாமே வசதியான காரணங்கள். ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது என்று அடையாள அட்டையை அனுப்பும் கும்பல் பல வருஷமாக இதே வித்தையைக் காட்டிக்கொண்டிருக்கிறது. பொருளைக் கையில் வாங்குமுன் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

நீங்கள் விற்கும் பக்கத்தில் இருந்தால் வித்தை தலைகீழாகும். ‘பணம் அனுப்பறேன், இந்த க்யூ.ஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க’ என்பார்கள். யு.பி.ஐ.யில் பணம் வாங்க ஸ்கேனும் தேவையில்லை, பின்னும் தேவையில்லை. பின் போட்டால் பணம் போகிறது என்று மட்டும்தான் அர்த்தம். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் பணம் கேட்டு அனுப்பும் ‘கலெக்ட் ரெக்வெஸ்ட்’ வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. க்யூ.ஆர். மோசடி அப்படியேதான் இருக்கிறது.

பணம் போய்விட்டது என்றால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு வெள்ளைத் தாள் போதும்

முத்திரைத்தாள், நோட்டரி எல்லாம் அவசியம் இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், விலை, தேதி எழுதி, ‘இது என் சொந்தப் பொருள், இன்னாருக்கு விற்றேன்’ என்று விற்பவர் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். இங்கிலீஷில் எழுதினாலும் சரி. அடையாள அட்டையில் உள்ள பெயரும் கையெழுத்துப் போடும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அவருடைய இஷ்டம், வாங்காமல் வருவது நம்ம இஷ்டம்.

முடிந்தவரை யு.பி.ஐ.யிலோ வங்கி வழியாகவோ பணம் கொடுங்கள். ரொக்கத்துக்குத் தடம் இருக்காது. விற்பவருக்கு இந்திய வங்கிக் கணக்கு இல்லாமல் ரொக்கம்தான் வேண்டும் என்றால், ரசீதில் ‘ரொக்கமாகப் பெற்றேன்’ என்று தொகையோடு எழுதி வாங்குங்கள். லேப்டாப்போடு நிற்கும் இடத்தில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எடுத்தால் இன்னும் நல்லது.

வீட்டுக்கு வந்ததும் விண்டோஸைச் சுத்தமாக மறுபடி போட்ட பிறகுதான் ஜிமெயில், பேங்க் பாஸ்வேர்டு எதையும் அடிக்க வேண்டும். கீபோர்டில் அடிப்பதைக் குறித்து வைத்து அனுப்பும் மென்பொருள் உள்ளே இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. திருட்டு விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் மென்பொருளோடு சேர்ந்து வருவதும் உண்டு. பழைய ஓனரின் போட்டோ, ஃபைல் ஏதாவது கிடைத்தால் பார்க்காமல் அழித்துவிடுங்கள். ஆனால் விற்றவர் சொன்ன பெயர் ஒன்று, ஃபைல்களில் இருக்கும் பெயர் வேறொன்று என்றால் அழிக்காமல் நிறுத்துங்கள்.

ஏற்கனவே வாங்கிட்டீங்களா?

இது திருட்டுப் பொருள்தான் என்று பின்னால் தெரிந்தால் பலர் செய்ய நினைப்பது ஒன்று: அடுத்தவர் தலையில் கட்டிவிடுவது. அதுவரை தெரியாமல் வாங்கியவர், தெரிந்தே விற்றவராகி விடுவார். அந்த நிமிஷத்தில் இருந்து ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது. பூட்டை உடைத்துத் தருகிறேன் என்று சொல்லும் கடைக்குக் கொண்டுபோவதும் அதே வகைதான்.

கொடைக்கானல் காவல் நிலையத்திலோ உங்கள் ஊர் காவல் நிலையத்திலோ ரசீது, பணம் அனுப்பிய விவரம், விற்றவருடன் பேசிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றோடும் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, ஒப்படைத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திரையில் நிறுவனத்தின் பெயர் தெரிந்தால் அந்த நிறுவனத்துக்கும் ஒரு இ-மெயில் போடலாம்.

விற்றவர் வெளிநாட்டவர், ஊருக்கே போய்விட்டார் என்றாலும் புகார் கொடுக்காமல் விட வேண்டாம். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. பாஸ்போர்ட், விசா விவரம் எல்லாம் அதில் இருக்கும். அதை நீங்களும் நானும் போய்க் கேட்க முடியாது, போலீஸ் கேட்க முடியும். எந்தப் பெயரை, எந்தத் தேதியில் தேடுவது என்று சொல்ல உங்கள் கையில் அந்த வெள்ளைத் தாள் இருக்க வேண்டும்.